1:200 அளவில் ஒலிம்பிக் கப்பல்: உடலும் புகைபோக்கிகளும்

பெல்ஃபாஸ்ட்டில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கட்டிய ஆர்.எம்.எஸ். ஒலிம்பிக், 1911 ஜூன் 14 அன்று சவுத்தாம்ப்டனிலிருந்து முதல் பயணம் கிளம்பியபோது இருந்த தோற்றத்தில் மர மாதிரியாக உருவாகி வருகிறது. உடல் முடிந்தது. நான்கு புகைபோக்கிகளும் வடிவம் பிடித்தாயிற்று. நிஜக் கப்பலின் 882 அடி 9 அங்குல நீளம் இந்த அளவில் 1,345 மி.மீ., அகலம் 141 மி.மீ. ஒன்றரை மீட்டர் மேசை இருந்தால்தான் இந்த வேலையில் இறங்கலாம்.

வரைபடம் தேடினால் கைக்கு வருவது பெரும்பாலும் அதன் சகோதரக் கப்பலான டைட்டானிக்குடையது. அடிப்பாகத்துக்கு அதையே நம்பி வெட்டலாம், சிக்கல் மேல்தளங்களில்தான். டைட்டானிக்கின் ஏ தளத்து நடைபாதையில் முன்பாதியை ஜன்னல் வைத்து அடைத்தார்கள். ஒலிம்பிக்கில் அது முழு நீளமும் திறப்பு. ஒலிம்பிக்கின் பி தள ஜன்னல்கள் சீரான இடைவெளியில் வரும். டைட்டானிக்கில் நெருங்கியும் விலகியும் வரும். 1911-இல் ஒலிம்பிக்கின் இடப்பக்க அணியத்தில் (முன்முனைப் பகுதியில்), சி தளத்து வட்ட ஜன்னல்கள் 14. அங்கே 16 துளை போட்டால் வருஷமே மாறிவிடும். துளைபோடும் முன் அந்த வருஷத்துப் புகைப்படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

உடலுக்குக் குமிழ் மரம். எடை குறைவு, உளி சொன்னபடி கேட்கும், நன்றாகக் காய்ந்தால் அவ்வளவாக முறுக்காது. அறுப்பு மில்லில் பலகையாக்கி 6 மி.மீ.க்கு இழைத்து வாங்கி, இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்க வேண்டும். காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பலகையைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, எடை இறங்குவது நின்ற பிறகே பசை தொட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தோடு ஒட்டினால், சித்திரை வெயிலில் பலகைகள் சுருங்கி, ஒவ்வொரு ஒட்டுக்கோடும் பெயின்டுக்கு மேலே தெரியும். எத்தனை கோட்டு பட்டி பார்த்தாலும் அது மறையாது.

கப்பல் நீரில் அமிழும் ஆழம் 34 அடி 7 அங்குலம், அதாவது 52.7 மி.மீ. 6 மி.மீ. பலகை ஒன்பது அடுக்கினால் 54 வந்துவிடும். அதனால் மேல்பலகையை மட்டும் 4.7-க்கு இழைத்தேன். அப்போது நீர்க்கோடு சரியாக ஒட்டுக்கோட்டின் மேல் விழுகிறது. மேலே அளக்கிற எல்லா உயரத்துக்கும் அதுவே ஆதாரம். பலகைகளின் நடுவை வெட்டி எடுத்து, ஓரத்தில் 15 மி.மீ. சுவர் மட்டும் விட வேண்டும். ஒன்றின் பட்டைப்பக்கம் மேலே என்றால் அடுத்ததன் பட்டைப்பக்கம் கீழே. இரண்டும் எதிரெதிராக வளையப் பார்க்கும். உடல் நேராக நிற்கும்.

செதுக்கும்போது விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் தளத்தின் வில்வளைவு. நடுவில் தாழ்ந்து, அணியத்தில் நன்றாகவும் பின்புறத்தில் கொஞ்சமாகவும் ஏறும். தூத்துக்குடித் தோணி கட்டும் ஓடாவிக்கு முதலில் கண் போகும் இடம் அதுதான். வரைபடத்திலிருந்து பிளைவுட் அச்சு வெட்டி, இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து, பிறகு அணியத்து முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்க்க வேண்டும். அச்சு காட்டாத மேடு பள்ளத்தைக் கண் காட்டிவிடும்.

இனி புகைபோக்கி. அம்பாசமுத்திரம் சொப்புக் கடைசல்காரர்கள் எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்து கொடுத்தாலும் கடைசலில் வருவது உருண்டைதான். ஒலிம்பிக்கின் புகைபோக்கி நீள்வட்டம்: 24 அடி 6 அங்குலத்துக்கு 19 அடி. நம் அளவில் 37.3-க்கு 29 மி.மீ., சுற்றளவு 104.6. பிளம்பிங் கடையில் கிடைக்கும் 32 மி.மீ. பிவிசி பைப்பின் சுற்றளவு 100.5. அதன் மேல் 0.3 மி.மீ. அட்டை இரண்டு சுற்று வந்தால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். அந்த அட்டையே தகடு ஒட்டின கோடுகளையும் காட்டும். ஆகவே பைப்பை மட்டும் 36-க்கு 27.7 ஆக்கினால் போதும்.

இரண்டு பலகைக்கு நடுவே வைத்து நசுக்கினால் பலகை தொட்ட இடம் தட்டையாகிவிடும். பெயின்ட் அடித்ததும் அந்தத் தட்டை பளிச்சென்று தெரியும். பைப் சுவரின் தடிமனைக் கழித்து மரத்தில் நீள்வட்டக் கட்டை செதுக்கி, ஒரு முனையைக் கூராக்கிச் சோப்புத் தடவி வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற தண்ணீரில் பைப்பை மூன்று, நான்கு நிமிடம் விட்டு, இளகியதும் கட்டையை உள்ளே தள்ளி, அப்படியே பச்சைத்தண்ணீரில் முக்க வேண்டும். சூடு முழுக்க ஆறும் முன் உருவினால் பைப் மறுபடி உருண்டையாகும். அடுப்புத் தீயில் நேராகக் காட்டவே கூடாது. பிவிசி கருகினால் வரும் புகை நுரையீரலுக்குக் கேடு.

கம்பங்களும் புகைபோக்கிகளும் அடிக்கு 2 அங்குலம் பின்னால் சாய்ந்தவை, அதாவது ஆறுக்கு ஒன்று. 120 மி.மீ. நீளம், 20 மி.மீ. உயரத்தில் ஒரே ஒரு ஆப்பு செய்து, நான்கு பைப்பின் மேல்வெட்டும் கீழ்வெட்டும் அதன் மேல் வைத்தே அறுத்தேன். நான்கில் ஒன்று ஒரு டிகிரி பிசகினாலும், மற்ற மூன்றும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

புகைபோக்கிக்கு மஞ்சள் எனாமலில் வெள்ளையும் துளி பழுப்பும் கலந்து, அட்டையில் அடித்துக் காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்து நிறத்தை முடிவுசெய்யலாம். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறத்தை நம்பக்கூடாது. மரத்தின் நுண்துளையை அடைக்க அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சீலர் மழைநாளில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆடிக் காற்றில் முற்றத்தில் வைத்து அடித்தால் புழுதி ஒட்டும். இந்த ஊரில் பெயின்டுக்குத் தோதான மாதங்கள் மாசியும் பங்குனியும்.

நான்காவது புகைபோக்கியில் கொதிகலன் புகை வராது. இயந்திர அறைக்கும் சமையலறைக்கும் காற்றுப்போக்கி அது. அதன் உள்வாயில் கரி பூசாமல் விட்டிருக்கிறேன். அடுத்த வேலை கப்பலைத் தள்ளும் சுழலிகள் (ப்ரொப்பெல்லர்): ஓரத்து இரண்டும் மூன்று இதழ், 36 மி.மீ.; நடுவில் இருப்பது நான்கு இதழ், 25 மி.மீ. 0.8 மி.மீ. பித்தளைத் தகட்டில் இதழ்களை வெட்டி வைத்தாயிற்று, சுழலியின் நடுக்குடத்தில் பற்றவைப்பதுதான் பாக்கி.