கரீம் ரிக்கின்ஸ்: இரண்டு உறைகளில் கண்ட ஒரே பெயர்

இசைத்தட்டு உறையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் பெயர்களை ஒன்றுவிடாமல் படிப்பது என் நெடுநாள் வழக்கம். பாடியவர் யார் என்பதை முன்பக்கமே சொல்லிவிடும். டிரம்ஸுக்கு யார் அமர்ந்தார், பாஸை யார் வாசித்தார், ஒலிப்பதிவை யார் செப்பனிட்டார் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். கரீம் ரிக்கின்ஸ் எனக்கு அறிமுகமானதும் அங்கேதான். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவை என்று நான் நினைத்திருந்த இரண்டு இசைத்தட்டுகளில் அந்தப் பெயரைக் கண்டேன். இருவேறு மனிதர்கள் தற்செயலாக ஒரே பெயரைக் கொண்டிருக்கிறார்கள் என்றே சில நாட்கள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதலாவது, 1998 நவம்பரில் நியூயார்க்கின் ப்ளூ நோட் கிளப்பில் நேரடியாகப் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த 'தி வெரி டால் பேண்ட்'. பியானோவில் ஆஸ்கர் பீட்டர்சன், பாஸில் ரே பிரவுன், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனில் மில்ட் ஜாக்சன், டிரம்ஸில் கரீம் ரிக்கின்ஸ். இரண்டாவது, 2006 ஆகஸ்டில் வெளிவந்த 'தி ஷைனிங்'. ஹிப்-ஹாப்பின் தாள உணர்வையே மாற்றியமைத்த டெட்ராய்ட் இசையமைப்பாளர் ஜே டில்லா அதை முடிக்காமலே இறந்துவிட, எஞ்சிய வேலையை நிறைவு செய்தவர் என்று அந்த உறையிலும் அதே கரீம் ரிக்கின்ஸ் இருந்தார். ஒரே மனிதர்தான் என்று உறுதியானபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் முழுமையாகத் தணியவில்லை.

அந்த முதல் இசைத்தட்டின் எடை புரிய, அதில் வாசித்தவர்களின் வயதைப் பார்த்தாலே போதும். மில்ட் ஜாக்சனுக்கு அப்போது 75, பீட்டர்சனுக்கு 73, ரே பிரவுனுக்கு 72. ஜாக்சனும் பிரவுனும் 1940களின் நடுவில் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியோடு வாசித்து, பீபாப் என்ற புதுவகை ஜாஸ் பிறந்தபோதே உடனிருந்தவர்கள். ரிக்கின்ஸுக்கு 23 வயதுதான். இன்னொன்றும் உண்டு. 1961இல் பீட்டர்சனின் மூவர் குழு மில்ட் ஜாக்சனைச் சேர்த்துக்கொண்டு 'வெரி டால்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தது; 1998இன் குழு தன் பெயரை அதிலிருந்தே எடுத்துக்கொண்டது. அந்தப் பழைய பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் எட் திக்பென். கம்பி பிரஷ்ஷைக் கொண்டு வாசிப்பதில் அவரை விஞ்ச ஆளில்லை என்று டிரம்ஸ் கலைஞர்களே சொல்வார்கள். முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் மூன்று முதியவர்களும் மீண்டும் கூடியபோது, திக்பென் அமர்ந்திருந்த இடத்தில் இந்த இளைஞர் வந்து அமர்ந்தார்.

1993இல் பீட்டர்சனைப் பக்கவாதம் தாக்கியது. அவருடைய இடது கையின் பழைய வலு பிறகு முழுமையாகத் திரும்பவே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்க வேண்டும். இடது கை முன்பு அடித்தளமாக இட்டுவந்த ஸ்வரக்கட்டுகள் குறைந்துபோன இடங்களில் பாஸும் டிரம்ஸும் அந்த இடைவெளியைத் தாங்க வேண்டும். ஆனால் தாங்குகிறார்கள் என்பதே கேட்பவருக்குத் தெரியக்கூடாது. ரிக்கின்ஸ் அங்கே அதிகம் பேசுவதில்லை. ரைட் சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டில் ஓடும் ஸ்விங் நடை, ஜாஸுக்கே உரிய அந்த ஊசலாடும் நடை, ரே பிரவுனின் பாஸோடு ஒட்டியே செல்கிறது. காலால் இயக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட் இரண்டாம் எண்ணிக்கையிலும் நான்காம் எண்ணிக்கையிலும் மூடித் திறக்கிறது. அதற்கு மேல் அவர் சேர்ப்பவை மிகச் சில. இருபத்து மூன்று வயதில், இத்தகைய மேதைகளின் நடுவே, தன் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்ற துடிப்பை அடக்கிக்கொள்வதற்கு எத்தனை பயிற்சி வேண்டும் என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எண்ணிக்கொள்கிறேன்.

அந்தப் பயிற்சி வீட்டிலேயே தொடங்கியது. ரிக்கின்ஸ் 1975இல் டெட்ராய்ட்டில் பிறந்தார். தந்தை எம்மானுவேல் ரிக்கின்ஸ், கிட்டார் கலைஞர் கிராண்ட் கிரீனின் குழுவில் ஆர்கனும் எலெக்ட்ரிக் பியானோவும் வாசித்தவர். டெட்ராய்ட் என்றதும் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனமும் கார் தொழிற்சாலைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மில்ட் ஜாக்சன் பிறந்த ஊரும் பாடகி பெட்டி கார்ட்டர் வளர்ந்த ஊரும் அதுதான். இளம் கலைஞர்களைத் தன் குழுவில் சேர்த்து, மேடையிலேயே வைத்துப் பழக்குவதில் பெட்டி கார்ட்டருக்கு இணையானவர் இல்லை. மெதுவான பாடலை மேலும் மெதுவாக்கியும், வேகமான பாடலை நடுவில் திடீரென்று நிறுத்தியும் உடன் வாசிப்பவரின் கவனத்தை அவர் சோதித்துக்கொண்டே இருப்பார். பத்தொன்பது வயதை ஒட்டி நியூயார்க் சென்ற ரிக்கின்ஸ் அவரிடம் பழகினார். பிறகு டிரம்பெட் கலைஞர் ராய் ஹார்குரோவ், பியானோ கலைஞர் மல்குரூ மில்லர் ஆகியோரோடு வாசித்தார். 1990களின் இறுதியில் ரே பிரவுனின் மூவர் குழுவில் இடம்பெற்றார். ஜாஸ் உலகில் ஒரு டிரம்ஸ் கலைஞருக்கு இதைவிடக் கட்டுக்கோப்பான குருகுலம் கிடைத்திருக்க முடியாது.

அதே ஆண்டுகளில் அவர் இன்னொரு வேலையையும் செய்துகொண்டிருந்தார். சிகாகோவிலிருந்து வந்த ராப் கலைஞர் காமனின் இசைத்தட்டுகளுக்குத் துண்டு துண்டாக இசையமைக்கத் தொடங்கியிருந்தார். டெட்ராய்ட்டின் கோனன்ட் கார்டன்ஸ் பகுதியில் வளர்ந்த ஜேம்ஸ் யான்சி, அதாவது ஜே டில்லா, அவருக்கு நெருங்கிய நண்பரானதும் அந்தக் காலத்தில்தான். டில்லாவின் தந்தை ஜாஸ் பாஸ் வாசித்தவர், தாய் இசைப் பயிற்சி பெற்ற பாடகி. ரிக்கின்ஸின் வீட்டைப் போலவே டில்லாவின் வீட்டிலும் ஜாஸ் புழக்கத்தில் இருந்தது. ஆகவே, ஜாஸையும் ஹிப்-ஹாப்பையும் இணைக்கும் பாலம் என்று ரிக்கின்ஸைப் பற்றி எழுதுவதைக் காணும்போது எனக்கு உடன்பாடு ஏற்படுவதில்லை. பாலம் என்றால் நடுவில் ஓர் ஆறு இருந்தாக வேண்டும். அவர் வளர்ந்த வீட்டில் அப்படி ஓர் ஆறு ஓடியதாகத் தெரியவில்லை.

டில்லா செய்தது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது புரியாமல் ரிக்கின்ஸின் கைகளும் புரியா. டில்லாவின் கருவி அக்காய் நிறுவனத்தின் எம்பிசி 3000 என்ற தாள இயந்திரம். இப்போது அது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பதினாறு ரப்பர் திண்டுகள் உண்டு. பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த ஒலிகளை அவற்றில் ஏற்றி, விரலால் தட்டிப் பதிவு செய்வார்கள். தட்டும் விரல் சற்றே முந்தினாலும் பிந்தினாலும், அந்த அடியை மிக அருகிலுள்ள சரியான மாத்திரைக்கு இழுத்துக்கொண்டுபோய் நிறுத்திவிடும் வசதி அந்தக் கருவியிலேயே உண்டு. 1990களின் பெரும்பாலான பீட்டுகள், அதாவது ஹிப்-ஹாப் தாளக்கட்டுகள், அப்படி நேர்படுத்தப்பட்டவையே. டில்லா அந்த வசதியைப் பல இடங்களில் அணைத்துவைத்தார். வேறு இடங்களில் ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாக நகர்த்தினார். கையால் அடிக்கும் கூரொலி டிரம்மான ஸ்னேர் சற்று முந்தி விழும், காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் சற்றுச் சோம்பி வரும், ஹை-ஹாட் மட்டும் நேராக ஓடும். முதன்முறை கேட்பவருக்குத் தாளம் தள்ளாடுவது போலத் தோன்றும். இரண்டாவது நிமிடத்தில் தலை தானாக அசையத் தொடங்கும். அங்கே காலப்பிரமாணம் குலைவதில்லை. ஒரே காலப்பிரமாணத்துக்குள் இரண்டு மூன்று நடைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு செல்கின்றன.

இயந்திரத்தின் உதவியால் பிறந்த இந்த நடையை மனிதக் கைகளால் டிரம்ஸில் வாசிப்பது எளிதன்று. ஒரு கால் பின்தங்க வேண்டும், ஒரு கை முந்த வேண்டும், மற்றொரு கை இரண்டையும் பொருட்படுத்தாமல் செல்ல வேண்டும்; அப்படியும் மொத்தம் சிதறக்கூடாது. இதை வாசிக்கக் கற்றுக்கொண்ட முதல் தலைமுறை டிரம்ஸ் கலைஞர்களில் ரிக்கின்ஸ் ஒருவர். அவருக்கு இது கைவந்ததற்கு ஸ்விங் பயிற்சியே காரணம் என்பது என் எண்ணம். சிம்பலின் அடி பாஸுக்கு மயிரிழை முன்னே நிற்பதா, ஒட்டி நிற்பதா, பின்னே சாய்வதா என்பதே ஸ்விங் வாசிப்பவருக்கு நாள்தோறும் எழும் கேள்வி. அந்த மயிரிழையில்தான் டில்லாவும் வாழ்ந்தார்.

2006 பிப்ரவரி 10ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் டில்லா இறந்தார். மூன்று நாட்களுக்கு முன்புதான் அவருக்கு 32 வயது நிறைந்திருந்தது. அந்தப் பிறந்தநாளன்றே 'டோனட்ஸ்' என்ற இசைத்தட்டும் வெளிவந்திருந்தது. அரிய இரத்த நோயும், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸும் அவரைப் பல ஆண்டுகளாக வாட்டிவந்தன. 'தி ஷைனிங்' பாதியைத் தாண்டிய நிலையில் நின்றுபோயிருந்தது. அதை முடிக்கும் பொறுப்பு ரிக்கின்ஸிடம் வந்தது.

இறந்த நண்பரின் வேலையை முடிப்பது எப்படிப்பட்ட பணி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அதிகம் சேர்த்தால் அது இவருடைய இசைத்தட்டாகிவிடும். அஞ்சி ஒதுங்கினால் அரைகுறையாகவே எஞ்சும். டில்லாவின் பாணியை அப்படியே பிரதியெடுத்து நிரப்பும் வழியும் ஒன்று உண்டு. என் நோக்கில் மூன்றிலும் அதுவே மிகப் பெரிய தவறாக இருந்திருக்கும். 'தி ஷைனிங்'கைத் தொடர்ந்து கேட்கும்போது எந்த இடத்தில் ஒரு கை விலகி மறு கை தொடங்குகிறது என்று என் காதால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அதன் குறைகள் என்று நான் கருதுபவைகூட டில்லாவின் குறைகளாகவே ஒலிக்கின்றன. ஆஸ்கர் பீட்டர்சனின் இடது கையைத் தாங்கியபோது தான் தாங்குவதைக் காட்டிக்கொள்ளாத அதே இளைஞரை, எட்டு ஆண்டுகள் கழித்து, இங்கே மீண்டும் காண்கிறேன்.

அதன் பிறகான அவருடைய பணிகளின் பரப்பைப் பார்த்தால் தலை சுற்றும். பாடகி எரிக்கா பாடுவின் 2008ஆம் ஆண்டு இசைத்தட்டில் 'சோல்ஜர்' பாடலுக்கு இசை இவருடையது. ஜாஸ் பாடகி டயானா க்ராலின் குழுவில் பல ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்தபடி உலகம் சுற்றினார். பால் மெக்கார்ட்னி பழைய அமெரிக்கப் பாடல்களைப் பாடி 2012இல் வெளியிட்ட 'கிஸ்ஸஸ் ஆன் தி பாட்டம்' இசைத்தட்டிலும் டிரம்ஸ் இவர்தான். அந்தப் பாடல்களில் தாளம் பெரும்பாலும் மூச்சு விடும் அளவுக்கு மெல்லியது.

அதே 2012இல்தான் ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனம் அவருடைய முதல் தனி இசைத்தட்டான 'அலோன் டுகெதர்'ஐ வெளியிட்டது. தொழில்முறையாக வாசிக்கத் தொடங்கி ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக உறையின் முன்பக்கத்தில் அவர் பெயர் வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள், பெரும்பாலானவை இரண்டு நிமிடத்துக்கும் குறைவானவை. பழைய பதிவுகளிலிருந்து வெட்டியெடுத்த சாம்பிள்களும், அவரே அடித்த டிரம்ஸும், சின்தசைஸர் ஒலிகளும் அடுக்கடுக்காக வருகின்றன. பாட்டு இல்லை, நீண்ட தனி ஆவர்த்தனம் இல்லை. ஒரு ஜாஸ் டிரம்ஸ் கலைஞரின் முதல் தனி இசைத்தட்டில் தன் வேகத்தைக் காட்டும் ஓர் இடம்கூட இல்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் சில துண்டுகள் நன்றாக ஊன்றிக்கொள்வதற்குள் முடிந்துவிடுகின்றன என்ற வருத்தமும் எனக்கு உண்டு. 2017இல் வந்த 'ஹெட்நாட் சூட்'டில் அந்த வருத்தம் இன்னும் கூடியது.

காமனோடு அவர் கொண்ட நட்பு தன் உச்சத்தைத் தொட்டது 2016இல். 'பிளாக் அமெரிக்கா அகெய்ன்' இசைத்தட்டின் பெரும்பகுதிக்கு அவர்தான் இசையமைத்தார். தலைப்புப் பாடலில் ஸ்டீவி வொண்டரின் குரல் ஒலிக்கிறது. அதே ஆண்டு, அமெரிக்கச் சிறைகளையும் அடிமைமுறையின் எச்சங்களையும் பற்றி ஏவா டுவெர்னே இயக்கிய '13த்' ஆவணப்படத்துக்காக, பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பருடன் சேர்ந்து இருவரும் 'லெட்டர் டு தி ஃப்ரீ' பாடலை உருவாக்கினார்கள். மூவருக்கும் 2017இல் எம்மி விருது கிடைத்தது. அதன் டிரம்ஸை மட்டும் தனியே கவனித்துக் கேளுங்கள். கோபத்தைச் சொல்லும் பாடல்தான். ஆனால் டிரம்ஸ் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. சொற்கள் விழுவதற்கு இடம் விட்டு, நடந்துகொண்டே இருக்கிறது. மூவரும் ஆகஸ்ட் கிரீன் என்ற பெயரில் 2018இல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அது இனிமையானது, ஆனால் 'லெட்டர் டு தி ஃப்ரீ'யின் அடர்த்தி அதில் இல்லை.

எனக்கு இப்போது மிகவும் பிடித்தது, அவர் ஹிப்-ஹாப் இசையமைப்பாளர் மேட்லிப்போடு சேர்ந்து நடத்தும் ஜஹாரி மசாம்பா யூனிட் என்ற இருவர் குழு. 2020இல் 'பார்டன் மை ஃபிரெஞ்ச்', 2024இல் இரண்டாவது இசைத்தட்டு. சாம்பிள்களை வெட்டி ஒட்டியே பெயர்பெற்ற மேட்லிப், அவற்றை விட்டுவிட்டு மற்ற வாத்தியங்களைத் தானே வாசிக்க, ரிக்கின்ஸ் டிரம்ஸ் வாசிக்கிறார். இங்கேதான் அவர் கட்டவிழ்கிறார்: சிம்பல்கள் உடைந்து தெறிக்கின்றன, ஸ்னேர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்குகிறது, தாளம் காற்றில் மிதந்து மெல்லத் தரைக்கு வருகிறது.

சென்ற வாரம் அந்த இரண்டாவது இசைத்தட்டு முடிந்ததும் 'தி வெரி டால் பேண்ட்'டை எடுத்துப் போட்டேன். பீட்டர்சன் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், ரைட் சிம்பல் சற்றே பின்னால் சாய்ந்து அவருக்காகக் காத்திருப்பது போல் கேட்டது. இத்தனை ஆண்டுகளில் நான் கவனிக்காத இடம் அது. முள்ளைத் தூக்கி, அதே இடத்தை மறுபடியும் கேட்டேன்.