வூஸ்டர் தெரு நாட்குறிப்பு

அக்டோபர் 10, 2024, வியாழன்

சனிக்கிழமை கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனுக்குக் கிளம்புகிறோம். மகள் அங்கே படிக்கப் போனதிலிருந்து, "வூஸ்டர் தெருவுக்கு எப்போப்பா வரப்போறீங்க?" என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். பார்க்க வேண்டியது அவளையா, அந்தத் தெருவின் பெப்பே பீட்சா கடையையா என்று அவள் அம்மாவுக்குச் சந்தேகம். எனக்கு இரண்டும்தான்.

இரவு ஃபிராங்க் பெப்பேயின் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். இத்தாலியில் அமால்ஃபி கரையோரம் மயோரி என்ற ஊர்க்காரர். 1909-ல், 16 வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். முதல் உலகப்போரில் இத்தாலிக்காகச் சண்டை போடத் திரும்பிப் போனார். போர் முடிந்தபின் 1920-ல், மனைவி ஃபிலோமினாவோடு மறுபடியும் நியூ ஹேவனுக்கே வந்தார். மக்ரோனி செய்யும் இடத்தில் கொஞ்ச காலம் வேலை. அப்புறம் சொந்தமாக ரொட்டி சுட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. யாருக்கு எவ்வளவு போட்டோம், யார் பாக்கி என்று கணக்கு வைக்க முடியவில்லை. நாம் தேடிப் போவானேன், அவர்கள் கடைக்கு வரட்டும் என்று முடிவு கட்டினார். 1925-ல் பீட்சா கடை தொடங்கியது அப்படித்தான். ஆரம்பத்தில் பீட்சாக்களைத் தலையில் சுமந்துகொண்டு சந்தைக்குள் நடந்தே விற்றிருக்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 12, சனி

கிராண்ட் சென்ட்ரலில் இருந்து ரயில், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். மகள் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள். அங்கிருந்து நடந்தே போனோம்.

கடை திறக்கும் முன்பே வரிசை நடைபாதையில் நீண்டிருந்தது. குழந்தையைத் தோளில் தூக்கிய அப்பாக்கள், மாணவர்கள், கைத்தடி ஊன்றிய ஒரு பாட்டி. முன்னால் நின்றவர் உள்ளூர்க்காரர். "முதல்ல தக்காளி பை சாப்பிடுங்க, மட்டி அப்புறம்" என்று கேட்காமலேயே சொன்னார். பை என்றால் இங்கே பீட்சாதான். அவருக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் அடுப்புதான் கண்ணில் படுகிறது. வெள்ளை ஓடு பதித்த சுவர், நடுவில் கறுத்த இரும்புக் கதவு. எரிவது நிலக்கரி. வெப்பம் 300 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அடுப்பு அவ்வளவு ஆழம் என்பதால், பீட்சாவை உள்ளே தள்ளும் மரத்துடுப்பின் காம்பும் படகுத் துடுப்பை விட நீளம். துடுப்பைப் பின்னுக்கு இழுக்கும்போது பின்னால் வருகிறவர்கள் தானாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். அடுப்புக்காரர் மாவு வட்டத்தைத் துடுப்பில் வைத்து, கையை ஒரே ஒரு வெட்டு வெட்டி இழுக்கிறார். பீட்சா கல்லிலேயே தங்கிவிடுகிறது. எந்தப் பீட்சா எந்த மூலையில் இருக்கிறது, எதைத் திருப்பிப் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் கண்ணிலேயே இருக்கிறது. இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகும் நான் அந்தப் பக்கமேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, மொசரெல்லா சீஸ் வேணும்னா தனியாச் சொல்லணும். இங்க அது காய்கறி, கறி மாதிரி மேல போடுற ஒரு சாமான்தான்" என்றாள் மகள். வேண்டாம் என்றேன்.

தக்காளி பை வந்தது. தட்டு கிடையாது. எண்ணெய்த்தாள் விரித்த அலுமினிய டிரேயில் கோணல் வட்டமாக ஒன்று, துண்டுகளும் ஆளுக்கொரு அளவில். மேலே தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய், தூவிய பெக்கரீனோ ரோமானோ சீஸ். அவ்வளவுதான். பெப்பே ஆரம்பத்தில் போட்டது இதுவும், நெத்திலி போட்ட இன்னொன்றும்தான். ஓரத்தில் கரி பிடித்த கொப்புளங்கள். கடித்தால் முதலில் மொறுமொறுப்பு, அடுத்து இழுபடும் மாவு, அப்புறம்தான் லேசான கசப்பு. அந்தக் கசப்புதான் தக்காளியின் இனிப்பைத் தூக்கிக் காட்டுகிறது. கருகிவிட்டது என்று ஓரத்தை ஒதுக்கி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. இந்த அடுப்பின் கைவண்ணமே அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. உருகிய சீஸ் இதன் மேல் போர்த்தியிருந்தால் பாதி ருசி கீழேயே புதைந்து போயிருக்கும்.

வெள்ளை மட்டி பீட்சா 1960-களில் வந்தது. அதற்கு முன் மட்டியை ஓட்டோடு, பச்சையாக, சாப்பாட்டுக்கு முன் கொறிக்கத் தந்துகொண்டிருந்தார்கள். தக்காளி கிடையாது, பூண்டும் மட்டிச்சாறும்தான் பேசுகின்றன. அருமையாக இருந்தது. உலகப்புகழ் எல்லாம் இதற்குத்தான். ஆனாலும் என் ஓட்டு தக்காளிக்கே.

குடிக்க ஃபாக்சன் பார்க் சோடா, பக்கத்து ஈஸ்ட் ஹேவனில் 1922-லிருந்து தயாராவது. பிர்ச் மரவாசனை அடிக்கும் ஒரு வகை. மனைவிக்குப் பிடிக்கவில்லை, மகள் இரண்டு குடித்தாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில் வூஸ்டர் சதுக்கத்தில் நடை. சுற்றிலும் 19-ஆம் நூற்றாண்டு வீடுகள். தென் இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் குடியேறியதற்குப் பக்கத்தில் இருந்த சார்ஜென்ட் பூட்டுத் தொழிற்சாலை ஒரு முக்கியக் காரணம். நாள் முழுக்கப் பட்டறையில் நின்று வருகிறவனுக்குக் கைக்கு அடக்கமான விலையில் வயிறு நிறைய வேண்டும். மாவும் தக்காளியும் அதற்குப் போதும். அப்புறம் நெடுஞ்சாலை வந்து அக்கம்பக்கத்தைப் பிளந்தது. மிச்சமிருப்பதைத் தெருவாசிகள் போராடிக் காப்பாற்றியிருக்கிறார்கள். இல்லையென்றால் நேற்று நாங்கள் நின்ற வரிசைக்கு இடமே இருந்திருக்காது.

பெப்பே இருக்கும் அதே வூஸ்டர் தெருவில் இன்னொரு பீட்சா கடை, சாலிஸ். பெப்பேயின் சகோதரி மகன் சால்வத்தோரே கொன்சீலியோ 1938-ல் தொடங்கியது. எது உசத்தி என்று இந்த ஊரில் வீட்டுக்குள்ளேயே சண்டை வருமாம். மகளின் அறைத்தோழி சாலிஸ் கட்சி. இந்த முறை வயிற்றில் இடமில்லை.

பெப்பே குடும்பம் 2006-லிருந்து வேறு ஊர்களிலும் கிளை திறந்து வருகிறது, பழைய அடுப்பை அப்படியே பார்த்துக் கட்டி. அதில் எனக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் அடுப்பை நகல் எடுக்கலாம், வூஸ்டர் தெருவை எடுக்க முடியாது.

அக்டோபர் 14, திங்கள்

மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது, மாவு தோலாகிவிடும். இரும்புக்கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விடாமல், அடிப்பக்கம் மட்டும் சுட்டேன். ஓரம் மறுபடி மொறுமொறுத்தது. தக்காளி துண்டு சனிக்கிழமையைவிட ஒரு படி இனிப்பு. மட்டி மட்டும் கொஞ்சம் ரப்பராகிவிட்டது, அதை அங்கேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

மகளிடம் போனில் சொல்லிவிட்டேன்: தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முன் மறுபடி வருகிறோம், இந்தத் தடவை சாலிஸ். முடிந்தால் ஸ்டேட் தெருவில் இருக்கும் மாடர்ன் பீட்சா கடையும். அங்கே அடுப்பு எண்ணெயில் எரிவது. நிலக்கரி இல்லாமல் அந்த ஓரம் எப்படி வருகிறது என்று பார்த்தாக வேண்டும்.