காருக்கு அடியில் என்ன?

தை மாதத்தில் எங்கள் சூலூர்பேட்டை வீட்டுக்கு வரும் உறவினர்களை ஸ்ரீஹரிகோட்டா சாலைக்கு அழைத்துச் சென்று, பழவேற்காடு ஏரியில் பூநாரைகளைக் காட்டி அனுப்புவது எங்கள் வழக்கம். இம்முறை வந்தவர், தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த அத்தை மகன். கேப் டவுனை அடுத்த பௌல்டர்ஸ் கடற்கரையில் பென்குயின்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்துவிட்டவருக்கு, தொலைவில் சேற்றில் நிற்கும் பறவை எதுவானாலும் இளக்காரமாகத்தான் தெரியும்.

ஏரியை ஊடறுத்துச் செல்லும் சாலையில் ஒரு டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினோம். பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து இரையை வடிகட்டி உண்பதை நான் விளக்கத் தொடங்கும்போதெல்லாம், அத்தான் கைப்பேசியை நீட்டி, ஹவுட் பே துறைமுகத்திலிருந்து படகில் போய்ப் பார்த்த கடல்நாய்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அவற்றின் நாற்றத்தை அவர் விவரித்தபோது, “டேய், டீ குடிக்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு?” என்று அத்தை அதட்டிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். 1982-இல் இரண்டே ஜோடிகளாக வந்து குடியேறிய பென்குயின்கள் பௌல்டர்ஸ் கடற்கரையில் பெருகிய வரலாற்றைச் சொன்ன அத்தான், அவை கழுதையைப் போலக் கத்தும் என்று சொன்னதோடு நில்லாமல், கத்தியும் காட்டினார். (பூநாரைகள் அசையவில்லை.)

புறப்படும் நேரத்தில்தான் கூத்து நடந்தது. வண்டியை எடுக்குமுன் அடியில் பென்குயின் இருக்கிறதா என்று பார்க்கும்படி அந்த ஊரில் அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள் என்பதால், பழக்க தோஷத்தில் அத்தான் இங்கும் மண்டியிட்டுக் காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார். “ஏமைந்தி சார், ஆயில் லீக்கா?” என்று கேட்டபடி டீக்கடைக்காரர் குனிந்தார், டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் குனிந்தார்கள், அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமலேயே நாங்களும் குனிந்தோம். அடியில் தூங்கிக்கொண்டிருந்த தெருநாய் இத்தனை முகங்களையும் ஒருசேரக் கண்டு குரைத்துக்கொண்டு பாய்ந்தோட, ஏரியிலிருந்த பூநாரைக் கூட்டம் முழுவதும் கருஞ்சிவப்பும் கறுப்புமாகச் சிறகு விரித்து எழும்பிப் பறந்ததாம். அதைக் கண்ணாரக் கண்டவர் அத்தை ஒருவர்தான்.

பென்குயின் விவகாரத்தை எனக்குத் தெரிந்த தெலுங்கில் டீக்கடைக்காரருக்கு விளக்கினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, நாங்கள் கிளம்பும்போது, அடுத்து வந்து நின்ற காரின் அடியில் அவர் கையில் ஒரு கழியோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.