மூன்றாவது கொக்கி

தாலுகா ஆபீஸில் ஆயுத உரிமப் பிரிவு என் மேசைக்கு வந்தபோது கூட வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள். பட்டா, சாதிச் சான்று என்றால் நாலு பேர் தேடி வருவார்கள், டீ வாங்கிக் கொடுப்பார்கள். இந்த மேசையில் இருந்ததெல்லாம் ஓரம் செல்லரித்த ஒரு பதிவேடுதான். எங்களுடையது மேற்கு மலை அடிவாரத் தாலுகா. காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் நிலக்கடலை போய்விடும். பதிவேட்டில் பாதி பேருக்குப் பயிர்ப் பாதுகாப்புக்காகக் கொடுத்த உரிமம். மீதி, தாத்தா காலத்து 12 போர் (குழல் அளவு) துப்பாக்கிகள். உரிமம் கொடுப்பது கலெக்டர் ஆபீஸ். போலீஸ் ஒரு அறிக்கை எழுதும், நாங்கள் ஒரு அறிக்கை எழுதுவோம்.

புதுப்பித்தல் வந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப் போன வீடுகளில் துப்பாக்கி இருந்த இடங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். பரண் மேல் பழைய பாயில் சுருட்டி. நெல் மூட்டைக்குப் பின்னால். ஒரு வீட்டில் கட்டிலுக்கு அடியில், மாப்பிள்ளையின் கிரிக்கெட் மட்டையோடு சேர்த்து. முக்கால்வாசி வீடுகளில் இரும்பு பீரோவுக்குள். பீரோவில் வைத்தவர்கள் பெருமையாகத்தான் காட்டுவார்கள். எனக்கு அதுதான் பயம். திருடன் யாரும் துப்பாக்கி தேடி எங்கள் ஊர்ப்பக்கம் வருவதில்லை. நகைக்கு வருகிறான். நகைக்கு வந்தவன் முதலில் நெம்புவது பீரோவை. சாவியோ சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும், அது பால்காரர் வரைக்கும் தெரிந்த ரகசியம்.

சிலர் பேங்க் லாக்கரில் வைக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது, லாக்கர் ஒப்பந்தத்திலேயே ஆயுதத்துக்கு இடமில்லை. நான் சொன்னது வெல்டிங் பட்டறையில் தனியாக ஒரு பெட்டி. குறுகலாக, ஆள் உயரத்துக்கு, கீல் வெளியே தெரியாதபடி அடித்து, உள்பக்கமிருந்து ஆங்கர் போல்ட் போட்டுச் சுவரோடு முடுக்க வேண்டும். போல்ட் போடாத பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் ஆற அமர உடைத்துக்கொள்ளலாம். தோட்டாவுக்கு வேறு பூட்டு, வேறு அறை. பெரிய வீட்டுக்காரர்கள் செய்தார்கள். மற்றவர்கள் "பண்ணிடலாங்க" என்றார்கள்.

பெட்டிக்கு வழியில்லாதவர்களுக்கு ஒரு உபாயம் கற்றுக்கொடுத்தவர் ரிட்டயர்டு ஏட்டு ஒருவர். இரட்டைக்குழல் துப்பாக்கியில் குழலுக்கு அடியில், இடது கை பிடிக்கிற இடத்தில், ஒரு மரத்துண்டு இருக்கும். அதைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மடக்கினால் குழல் தனியாகக் கையோடு வந்துவிடும். பத்து வினாடி வேலை. குழல் ஒரு அறையில், தோளில் வைக்கிற கட்டை ஒரு அறையில், அந்த மரத்துண்டு இன்னொரு பூட்டுக்குள். எவன் எதை எடுத்தாலும் அவன் கையில் இருப்பது துப்பாக்கி இல்லை. இதைச் செய்து காட்டும்போது எந்த வீட்டிலும் பெண்கள் முகத்தில்தான் முதலில் நிம்மதி தெரியும்.

உறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோல் உறையில் போட்டு வருஷக்கணக்கில் வைப்பார்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே எடுத்தால் குழல் முழுக்கத் துரு. அதே உறைக்குள் லைசென்ஸ் புத்தகத்தையும் சொருகி வைக்கிற வழக்கம் அதைவிட மோசம். ஒரு தோட்டத்து வீட்டில் உறையோடு திருடு போனது. ஸ்டேஷனில் துப்பாக்கி நம்பர் கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. "இங்கிலீஸ் துப்பாக்கிங்க, நல்ல கனம்" என்கிறார். கடைசியில் எங்கள் செல்லரித்த பதிவேட்டில்தான் நம்பர் கிடைத்தது, அதிலும் ஒரு இலக்கத்தைப் பூச்சி தின்றிருந்தது. அதற்கப்புறம் போகிற வீட்டிலெல்லாம் நம்பரை போன் கேமராவில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கிற மகளுக்கோ மகனுக்கோ அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

இவ்வளவு புத்தி சொன்னவனுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும்.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம், இனி இரண்டுதான். கூடுதலாக இருப்பதை ஒரு வருஷத்துக்குள் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் மூன்று வைத்திருந்தது ஒரே குடும்பம். இரட்டைக்குழல் ஒன்று, ஒத்தக்குழல் ஒன்று, குழல் வாய் வழியாக மருந்து திணித்துச் சுடுகிற பழையது ஒன்று. பெரியவர் 2008-இல் தவறிப் போக, மகன் பேருக்கு மூன்றும் மாறியிருந்தன. கொரோனாவில் எல்லாம் தள்ளிப் போய், 2020 நவம்பரில்தான் போனேன்.

ஆசாரத்துச் சுவரில், அதாவது வீட்டுக் கூடத்துச் சுவரில், வரிசையாக மூன்று கொக்கிகள். இரண்டில் துப்பாக்கி தொங்கியது.

"மூணாவது?"

"சாளையில இருக்குதுங்க. எடுத்தாறச் சொல்றேன்." சாளை என்றால் தோட்டத்து வீடு.

போன மாதம்தான் ஆயுத பூஜை முடிந்திருந்தது. துப்பாக்கிக்குச் சந்தனப் பொட்டு வைத்து மறுபடி மாட்டியதில், கட்டை படுகிற இடத்தில் சுவரில் மஞ்சளாக ஈஷியிருந்தது. அதற்கு அடியில் வருஷக்கணக்கான எண்ணெய்க் கறை. மூன்றாவது கொக்கிக்குக் கீழே சுண்ணாம்பு வெள்ளை. கிட்டப் போய்ப் பார்த்தேன். பழைய கறை ஒன்று சுண்ணாம்புக்கு உள்ளேயிருந்து மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அந்தச் சுவருக்கு எத்தனை தடவை வெள்ளையடித்திருப்பார்கள்?

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆத்தாவிடம் கேட்டேன். "அது எங்கீங்க சாமி இருக்குது? அப்பாரு போய் ரெண்டு வருசத்துலயே காவக்காரனுக்குக் குடுத்தாச்சு. பன்னிக்கு வேணும்னு கேட்டான்." மகன் தலையைக் குனிந்துகொண்டார். காவல்காரர் கணக்கு முடித்துக்கொண்டு போய், பிறகு செத்தும் போயிருந்தார். கொடுத்தது ஒரு போகத்துக்கு. திருப்பிக் கேட்கிற வேலையைக் கணக்குப்பிள்ளை பார்ப்பார் என்று மகனும், மகனே கேட்டிருப்பார் என்று கணக்குப்பிள்ளையும் இருந்துவிட்டார்கள். உரிமத்துக்குரிய துப்பாக்கியை அடுத்தவர் கையில் கொடுத்தனுப்பக் கூடாது, காணாமல் போனால் உடனே ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். இரண்டும் லைசென்ஸ் நிபந்தனையிலேயே இருக்கிறது. மகன் அதைப் படித்ததில்லை.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவது வழக்கம். அந்த ரசீதுகளைக் கேட்டேன். ஒரு மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார், அதில் மட்டும் குறையில்லை. 2009 நாடாளுமன்றத் தேர்தல்: துப்பாக்கி 3. 2011: 2. 2014: 2. 2016: 2. 2019: 2. கொண்டுவந்ததை ஸ்டேஷன் ரைட்டர் ஒழுங்காக எழுதியிருக்கிறார். எங்கள் பதிவேட்டில் மூன்று ஒழுங்காக இருக்கிறது. இரண்டு காகிதமும் ஒரே மேசைக்கு வரவே இல்லை.

எங்கள் பக்கத்துக் கோப்பையும் எடுத்தேன். 2012, 2015, 2018 என்று மூன்று புதுப்பித்தல். மூன்றிலும் "நேரில் பார்வையிடப்பட்டது, சரியாக உள்ளன". 2018-இல் அதற்குக் கீழே இருப்பது என் கையெழுத்து. அன்றைக்கும் இதே ஆசாரத்தில் உட்கார்ந்து காபி குடித்தேன். அன்றைக்கும் "சாளையில இருக்குதுங்க" என்றுதான் சொன்னார். நான் வெளியே ஜீப்பைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். பூட்டைப் பற்றியும் போல்ட்டைப் பற்றியும் ஊருக்கெல்லாம் சொன்னவன், மூன்று வரை எண்ணவில்லை.

எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். காவல்காரரின் சம்பந்தி வீடு வரை போய்த் தேடினார்கள். கிடைக்கவில்லை. இன்னும் கிடைக்கவில்லை. இரண்டுக்கு மேல் கூடாது என்ற சட்டத்துக்காகப் போனேன், அந்த வீட்டில் பத்து வருஷமாக இரண்டுதான் இருந்திருக்கிறது. எனக்கு 17(ஏ) மெமோ, அதாவது சிறு தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வந்து, ஆறு மாதம் இன்கிரிமென்ட் நின்றது. விளக்கத்தில் முந்தைய இரண்டு பேரும் இப்படித்தான் எழுதினார்கள் என்று போடச் சொல்லி சங்கத்துக்காரர் சொன்னார். போடவில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை, அதில் ஒருவர் அப்போது எனக்கு மேலதிகாரி.

இப்போது முதியோர் உதவித்தொகைப் பிரிவில் இருக்கிறேன், வேறு தாலுகா. அந்த மகன் வழக்கை முடித்து, பட்டறையில் பெட்டி அடித்துவிட்டார். வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்று எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். பொட்டு வைத்த இரண்டு துப்பாக்கிகள், நம்பர் தெரிகிற மாதிரி. கூடவே போனும் வரும். "ரெண்டும் இருக்குதுங்க சார்." நான் படத்தைப் பெரிதாக்கி நம்பரைச் சரிபார்த்துவிட்டுத்தான் சரி என்பேன். போன வருஷப் படத்தில் ஒரு ஓரத்தில் ஆசாரத்துச் சுவரும் விழுந்திருந்தது. மூன்று கொக்கிகளும் அப்படியே இருக்கின்றன. மூன்றாவதில் ஆத்தா தன் குடையை மாட்டியிருக்கிறார்.