ரிக்ளைன்: அரை மார்க் போன பிறகு படித்தது

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது ஒரு மாதிரித் தேர்வில் ‘ரிக்ளைன்’ என்பதற்கு இணையான சொல் கேட்டிருந்தார்கள், நானும் யோசிக்காமல் ‘மறுத்தல்’ என்று பொருள் வரும் விடையைக் குறித்துவிட்டு வந்தேன். மனசில் ஓடியது டிக்ளைன். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் இப்படித்தான், சொல்லின் வால் மட்டும் ஞாபகம் இருக்கும், தலை மாறிவிடும். முதல் நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண், தப்புக்கு அரை மதிப்பெண் வெட்டு. வரவேண்டிய இரண்டும் போய், இருந்ததில் அரையும் போச்சு.

அன்று ராத்திரி அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். ரிக்ளைன் என்றால் பின்னால் சாய்வது. சாய்வு நாற்காலியில் தாத்தா இருப்பாரே, அந்த நிலை. படுக்கையும் இல்லை, நிமிர்ந்து உட்கார்வதும் இல்லை. ஆம்னி பஸ்ஸில் புஷ்பேக் சீட்டைச் சாய்ப்பதற்கும் இதே வினைதான். நாம் சாய்ந்தான், சாய்த்தான் என்று பிரித்துவிடுகிறோம், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒன்றே.

சொல் லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ரெ’ என்றால் பின்னால், ‘கிளினாரே’ என்றால் சாய்த்தல். இது புரிந்ததும் குடும்பமே வரிசையாக வந்து நின்றது. டிக்ளைன், விலகிச் சாய்வது, அதிலிருந்துதான் மறுப்பதும் குறைவதும். இன்க்ளைன், ஒரு பக்கமாகச் சாய்வது. நாமும் ‘மனசு அந்தப் பக்கம் சாயுது’ என்கிறோம் இல்லையா? கிரேக்கத்தில் கிளினே என்றால் படுக்கை, படுத்திருக்கும் நோயாளியின் பக்கத்தில் போய்ப் பார்க்கும் வைத்தியம் என்பதிலிருந்து வந்ததுதான் நம் தெருமுனை கிளினிக். அதே கிரேக்கத்தில் கிளைமாக்ஸ் என்றால் ஏணி, அதுவும் சாத்தி வைக்கிற பொருள்தானே. ரோமானியர்களின் சாப்பாட்டு அறைக்கு டிரிக்ளினியம் என்று பெயர், மூன்று பக்கமும் மஞ்சம் போட்டு இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்தபடியே விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள் (நம் வீட்டில் அப்படிச் சாப்பிட்டால் அம்மா கரண்டியோடு வருவார்).

இன்னொன்று, சாய்வதைச் சொல்லும் சாதாரண ‘லீன்’ கூட இதே வேர். லத்தீனில் ககரம் வரும் இடத்தில் பழைய ஆங்கிலத்தில் ஹகரம் வரும், கொம்புக்கு லத்தீனில் ‘கோர்னு’, ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’ என்று இருப்பது போல. பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்லினியன்’ என்றிருந்தது, பிறகு ஹகரம் உதிர்ந்து லீன் ஆகிவிட்டது.

பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளுக்கும் இது உதவும். ‘ரிக்ளைன் பேக்’ என்று வந்தால் சந்தேகப்படுங்கள், ‘ரெ’யிலேயே ‘பின்னால்’ இருக்கும்போது தனியாகப் ‘பேக்’ எதற்கு? ரிவர்ட் பேக், ரிட்டர்ன் பேக் எல்லாம் இதே கேஸ்.

ஆனால் ஒலி ஒத்துப்போவதை மட்டும் பார்த்து வேர் சொல்லக் கிளம்பாதீர்கள். சாய்கிற நேரம் சாயங்காலம் என்று நானே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன், அது ‘சாயம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லாம். அதேபோல, ஒரு தொடருக்கு ஒரே சொல்லில் பதில் கேட்கும் கேள்விகளில் அடிக்கடி வரும் ‘ரெக்ளூஸ்’, ஒதுங்கி வாழ்பவர், இந்தக் குடும்பமே இல்லை. அது மூடுதல் என்ற பொருளுள்ள ‘கிளௌதெரே’யிலிருந்து வந்தது, குளோஸ், எக்ஸ்க்ளூட் எல்லாம் அதன் பங்காளிகள். அந்தப் பட்டியலை அடுத்த நாள் தனித் தாளில் எழுதினேன்.