ஒற்றைப்படைத் தேதி

ஜூலை 27

அம்மாவுக்கு இன்று காலையில் முதல் மாத்திரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். "ஒற்றைப்படைத் தேதியில குடுக்கணும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றார் சிஸ்டர். சரி என்று தலையாட்டினேன். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. 31-க்கு அடுத்த நாள் 1. இரண்டுமே ஒற்றை.

ஜூலை 28

மாத்திரை கிடையாது. காய்ச்சலும் இல்லை.

ஜூலை 29

ராத்திரி தூக்கம் வரவில்லை. தேதியை நம்பக் கூடாது, நாளைத்தான் எண்ண வேண்டும். 27-ஐ பூஜ்யம் என்று வைத்துக்கொண்டேன். அதிலிருந்து எத்தனை நாள் தள்ளியிருக்கிறதோ, அதை 2-ஆல் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். மீதி 0 என்றால் மாத்திரை உண்டு, 1 என்றால் இல்லை. இன்று 2, மீதி 0, கொடுத்தாயிற்று. 31-ஆம் தேதி 4, உண்டு. ஆகஸ்ட் 1 என்பது 5, மீதி 1, கூடவே கூடாது. அப்புறம் ஆகஸ்ட் முழுக்க இரட்டைத் தேதிகள்தான். அந்த மாதத்துக்கும் 31 நாள், அதனால் செப்டம்பரில் மறுபடி ஒற்றை. 31-ஐ 2-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதே, அந்த ஒன்றுதான் புரட்டிப் போடுகிறது. 30 நாள் மாதம் ஒன்றும் செய்யாது. பிப்ரவரியும் அப்படித்தான், லீப் வருஷம் தவிர.

2016 ஜனவரியில் டெல்லியில் ஒற்றைத் தேதியில் ஒற்றை எண்ணில் முடியும் கார்கள், இரட்டைத் தேதியில் இரட்டை எண்ணில் முடியும் கார்கள் என்று ஓடவிட்டார்கள். 1 முதல் 15 வரைதான் வைத்திருந்தார்கள். மாதம் தாண்டியிருந்தால் அங்கேயும் இதே சிக்கல்தான்.

அண்ணன் போனில் கேட்டான்: "பூஜ்யம் ரெண்டிலயும் சேராதே, அப்போ முதல் நாள் கணக்கு எப்படி?" ஏன் சேராது? 0-ஐ 2-ஆல் வகுத்தால் மீதி 0. இரட்டைக்கு வேறென்ன வேண்டும்? டெல்லியில்கூட 0-வில் முடியும் வண்டிகளை இரட்டையில்தான் சேர்த்தார்கள். அவன் சமாதானமாகவில்லை. நான் ஆகிவிட்டேன்.

ஜூலை 30

ரிப்போர்ட் வரவில்லை.

ஜூலை 31

கொடுத்தாயிற்று. நாளையை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பக்கத்துக் கட்டில் பாட்டியின் பேரன் பத்தாம் வகுப்பு. ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் வகுத்தால் ஏன் எப்போதும் மீதி 1 என்று கேட்டான். ஸ்கேன் கவரின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். ஒற்றை எண் என்றால் 2k+1. வர்க்கம் 4k²+4k+1. முதல் இரண்டிலும் 4 இருக்கிறது, மிஞ்சுவது 1. அதோடு விட மனசில்லை. 4k²+4k என்பது 4k(k+1). k, k+1 இரண்டும் அடுத்தடுத்த எண்கள், ஒன்று கட்டாயம் இரட்டை. அதனால் 8-ஆல் வகுத்தாலும் மீதி 1-தான். 9, 25, 49, 81 என்று போட்டுப் பார்த்தான். "அக்கா, எல்லாமே வருது!" இந்த வார்டில் வந்த பிறகு நான் கேட்ட நல்ல வார்த்தை அதுதான்.

ஆகஸ்ட் 1

காலை ஆறு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தேன். புது சிஸ்டர் சின்னக் கப்பில் மாத்திரையோடு வந்தார். "ஒண்ணாந்தேதி, ஒற்றைதானே?" நேற்றுக் கொடுத்தாகிவிட்டது என்றேன். கேஸ் ஷீட்டைப் புரட்டினார். கீழே 31 என்று எழுதிக் கையெழுத்து. கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கை நடுங்கியது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 2

இரட்டைத் தேதி. கொடுத்தாயிற்று.

மத்தியானம் லேப்டாப்பில் ஜாவாவில் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். 27-க்கு முந்தைய நாட்களையும் போட்டுப் பார்த்தேன். 20-ஆம் தேதி என்றால் மைனஸ் 7. -7 = 2 × (-4) + 1, மீதி 1 என்றுதான் கணிதம் சொல்லும். ஜாவாவோ -1 என்கிறது. "மீதி 1 என்றால் ஒற்றை" என்று எழுதினால் குறை ஒற்றை எண்களெல்லாம் நழுவிவிடும். "மீதி 0 இல்லையென்றால் ஒற்றை" என்று எழுத வேண்டும். பைத்தானில் 1 என்றே வரும். இருந்தாலும் எல்லா மொழியிலும் பூஜ்யத்தோடு ஒப்பிடுவதே நல்லது. மருந்து விஷயம்.

ஆகஸ்ட் 3

ரிப்போர்ட் நாளையாம். நேற்றும் நாளை என்றார்கள்.

பையன் இன்று ஒரு புதிரோடு வந்தான். 1 முதல் 10 வரை எழுதி, முன்னால் பிளஸ்ஸோ மைனஸ்ஸோ போட்டு 0 கொண்டுவர வேண்டும். முடியாது. எல்லாம் பிளஸ் என்றால் 55. எந்த எண்ணை மைனஸாக மாற்றினாலும் மொத்தம் அதன் இரண்டு மடங்கு குறையும், 2-ஆல் வகுத்த மீதி அசையாது. 55-க்கு மீதி 1, 0-க்கு மீதி 0. எத்தனை விதமாகக் குறி போட்டாலும் ஒன்றுதான். அவ்வளவையும் போட்டுப் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது பாருங்கள்!

12-க்கு முடியும். அடுத்தடுத்த நான்கு எண்களுக்கு பிளஸ், மைனஸ், மைனஸ், பிளஸ் போட்டால் 0. 11-க்கு 1+2-3 போக எட்டு எண்கள், இரண்டு நான்குகள். 4-ஆல் வகுத்து மீதி 0 அல்லது 3 வந்தால் முடியும், இல்லையென்றால் முடியாது.

ஆகஸ்ட் 4

கொடுத்தாயிற்று. பையன் 13-ஐ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கூட்டினால் 91. நான் சொல்லவில்லை, அவனே பிடிக்கட்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார்