மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் ஏன் கூட ஏறுகிறது?

அடுத்த மாதம் எங்கள் ஒன்றியத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. என்னைப் பயிற்சி நடத்தும் கருத்தாளராக வரச் சொல்லியிருக்கிறார்கள். பவர்பாயிண்ட் தயாரிக்கலாம் என்று மூன்று நாளாக உட்கார்கிறேன், ஒரு ஸ்லைடு கூட நகரவில்லை. 20 வருடத்துக்கு மேலாக இந்த மாதிரிப் பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கையேட்டை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் பஸ் பிடித்து வந்திருக்கிறேன். அதில் எது என் வகுப்பை உண்மையிலேயே மாற்றியது என்று யோசித்தால் ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. அதற்கும் முன்னால் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் நினைவுக்கு வருகிறான்.

காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது என்பதற்கு ஒரு சோதனை உண்டு, நம்மில் பெரும்பாலானவர்கள் பள்ளியில் பார்த்திருப்போம். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது, எழுதிக்கோங்க" என்பேன். பல வருடம் அப்படித்தான் சொன்னேன். ஒரு வருடம் நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்த் திரும்புவதற்குள் பையன்கள் மிச்சம் இருந்த மெழுகுவர்த்திகளையும் சேர்த்து மூன்றாக ஏற்றி வைத்திருந்தார்கள். திட்ட வாயெடுத்தேன். அதற்குள் ஒருவன், "டீச்சர், மூணு வச்சா தண்ணி நிறைய ஏறுது. அப்போ இந்த டம்ளர்ல மட்டும் ஆக்சிஜன் ஜாஸ்தியா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் இயற்பியல் பட்டதாரி, பி.எட். முடித்தவள், தேர்வெழுதி வேலைக்கு வந்தவள். ஆனால் அன்று நான் செய்தது, "விளையாடாதே, புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதைச் செய்" என்று சொல்லி மெழுகுவர்த்திகளைப் பிடுங்கி வைத்ததுதான். அவன் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பையன் கவனித்தது முழுக்கச் சரி. சுடர் எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது, டம்ளரின் விளிம்பு வழியாகக் குமிழி குமிழியாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அப்போதுதான் தண்ணீர் விறுவிறுவென்று ஏறுகிறது. மூன்று சுடர் என்றால் சூடு கூடுதல், வெளியேறும் காற்றும் கூடுதல், ஏறும் தண்ணீரும் கூடுதல். ஆக்சிஜன் செலவாவது உண்மைதான், ஆனால் அதற்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு உருவாகி இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு, சுடர் அணையும்போது உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோவதே இல்லை, பாதிக்கு மேல் அப்படியே மிச்சம் இருக்கும். கூர்ந்து பார்த்திருந்தால் சுடர் எரிகிறவரை தண்ணீர் அதிகம் ஏறவில்லை, அணைந்த பிறகுதான் ஏறியது என்பதை நானே கண்டிருப்பேன். எத்தனை தடவை என் கண்முன்னால் நடந்தது! பார்க்கவில்லை. விடை முன்னாலேயே தெரியும் என்று நினைத்ததால் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை.

இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் நிறைய யோசித்திருக்கிறேன். பி.எட். கல்லூரியில் வந்தது என்று சொல்ல முடியாது, அங்கே "செய்து கற்றல்", "குழந்தை மையக் கல்வி" என்று பக்கம் பக்கமாக எழுதித்தான் பாஸ் செய்தோம். அதற்கு முன்னாலேயே, பள்ளியிலும் கல்லூரியிலும் நாங்கள் செய்த ப்ராக்டிகலில் வந்துவிட்டது. தனி ஊசல் சோதனையில் ஜி மதிப்பு, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.8 வரவேண்டும். 9.1 வந்தால் ஏன் வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள், ரீடிங்கைத் திருத்து என்பார்கள். கடைசியில் விடையை வைத்துக்கொண்டு பின்பக்கமாகக் கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்பினோம். பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் நிறத்தையும் வாசனையையும் வைத்தே இது காப்பர் சல்பேட், இது அம்மோனியம் உப்பு என்று முடிவுகட்டிவிட்டு, செய்யாத சோதனைகளையெல்லாம் செய்ததாக வரிசையாக எழுதினோம். ரெக்கார்டு நோட்டில் படம் அழகாக இருந்தால் மதிப்பெண். இப்படி ஐந்தாறு வருடம் பழகிய கைக்கு, சோதனை என்பது புத்தகம் சொன்னதை ஆமாம் என்று சொல்ல வைக்கும் ஒரு சடங்கு என்பது ஆழமாகப் பதிந்துவிடுகிறது. அதன்மேல் பி.எட். ஒரு மெல்லிய பூச்சு. நாங்கள் படித்தபோது அது ஒரு வருடப் படிப்பு, 2015இலிருந்து இரண்டு வருடமாகிவிட்டது, பள்ளியில் பயிற்சி பெறும் காலமும் கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் ஒருமுறையாவது அந்தப் பிள்ளைகள் விடை தெரியாத ஒரு சோதனையைச் செய்து திண்டாடியிருக்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன், பாடக்குறிப்பு, துணைக்கருவி, சார்ட் என்றுதான் சொல்கிறார்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆசிரியரின் நினைப்பு மாறினால் வகுப்பு மாறிவிடும் என்று சிலர் சொல்வார்கள், என் அனுபவத்தில் அது பாதிதான் உண்மை. மெழுகுவர்த்திச் சம்பவத்துக்குப் பிறகு நான் மாறினேன், இயற்பியல் பாடங்களில் பிள்ளைகள் கையில் பேட்டரியையும் ஒயரையும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் அதே நான், அதே வாரத்தில், அதே வகுப்பில் உயிரியல் எடுக்கும்போது கலர் சாக்பீஸில் இதயம் வரைந்து பாகங்களைக் குறித்து நோட்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். உயர்நிலைப் பள்ளியில் அறிவியலுக்கு இருக்கும் பட்டதாரி ஆசிரியர்கள்தான் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எல்லாவற்றையும் பகிர்ந்து எடுத்தாக வேண்டும். பிள்ளைகள் கேள்வி கேட்பது நல்லது என்று மனதார நம்பினேன், ஆனால் உயிரியலில் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். எங்களோடு இருந்த விலங்கியல் படித்த அக்கா ஒருவர் இதற்கு நேர் எதிர். தவளையும் தட்டானும் அவர் வகுப்பில் சாதாரணம், மின்னோட்டம் வந்தால் ஓம் விதியை எழுதிப் போட்டுக் கணக்கோடு முடித்துவிடுவார்.

அந்த அக்காதான் ஒரு சனிக்கிழமை கறிக்கடையிலிருந்து ஆட்டு இதயம் வாங்கிவந்து, பிள்ளைகள் யாரும் இல்லாத ஆய்வகத்தில் என்னை உட்கார வைத்தார். "நீயே வெட்டு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். இடது பக்கச் சுவர் ஏன் இவ்வளவு தடிமன் என்று நான் கேட்க, உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுகிற பக்கம் எது என்று அவர் திருப்பிக் கேட்க, அப்படியே மதியம் ஆகிவிட்டது. வால்வு நூல் மாதிரியான நார்களால் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதை விரலால் தொட்டபோதுதான், வருடக்கணக்காக நான் வரைந்த படம் என்ன என்பது எனக்கே புரிந்தது. அடுத்த வாரம் அவருக்கு நான் மின்சுற்று சொல்லிக் கொடுத்தேன். எந்த ஆணையும், பணியாகக் கணக்கில் வைக்கும் ஓ.டி.யும் இல்லாமல் நடந்த இதைத்தான் என் வாழ்க்கையின் ஒரே உண்மையான பணியிடைப் பயிற்சி என்பேன்.

இதைப் பெரிய அளவில் செய்ய முடியாது என்று சொல்கிறவர்களுக்கு ஹோஷங்காபாத்தைச் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் அந்த மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் கற்பித்தல் திட்டம் ஆரம்பித்தது. 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது, பின்னர் ஏகலவ்யா என்ற கல்வித் தொண்டு அமைப்பு அதை நடத்தியது. அரசுப் பள்ளிகள், சாதாரணக் கிராமத்து ஆசிரியர்கள். விடுமுறையில் பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் உரை கேட்டுக்கொண்டிருக்கவில்லை, பிள்ளைகள் செய்யப்போகும் சோதனைகளைக் குழுவாக உட்கார்ந்து தாங்களே செய்தார்கள். டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்த விஞ்ஞானிகளோடு வாதாடினார்கள். அப்புறம் மாதாந்திரக் கூட்டம், வகுப்பில் எது சொதப்பியது என்று பேசுவதற்கு. தேர்வையும் மாற்றினார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. 2002இல் அரசு அதை நிறுத்திவிட்டது. 30 வருடம் ஓடிய ஒன்றை இப்படி நிறுத்தியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் பக்கம் பயிற்சி என்றால் மேலிருந்து கீழே வடிந்து வருவது. சென்னையில் சிலருக்குச் சொல்ல, அவர்கள் மாவட்டத்தில் சொல்ல, அங்கிருந்து ஒன்றியத்துக்கு வந்து சேரும்போது சோதனையெல்லாம் வடிகட்டப்பட்டு ஸ்லைடு மட்டும் மிஞ்சுகிறது. கருத்தாளர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். தொடக்க வகுப்புகளில் பிள்ளைகள் தாங்களே ஒவ்வொன்றாகச் செய்து முன்னேறுவதற்கான செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தபோதும் நான் பார்த்த வகுப்புகளில் சில அற்புதமாக மாறின, சிலவற்றில் அட்டையே இன்னொரு பாடப்புத்தகமாகி "இந்த அட்டை முடிச்சாச்சா, அடுத்ததுக்குப் போ" என்று ஆனது. இரண்டு இடத்திலும் அட்டை ஒன்றுதான்.

பத்தாம் வகுப்புக்குப் போனால் எல்லாம் இன்னும் இறுகிவிடும். அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது, ஆனால் பிள்ளைகளும் நாங்களும் அதை 25 கையில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு மிச்சம் 75க்கு ஓடுகிறோம். ஜனவரிக்குப் பிறகு ஸ்பெஷல் கிளாஸ், புத்தகப் பின்பக்கக் கேள்விகள், மெதுவாகக் கற்போர் பட்டியல். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்டுக் கூப்பிடுவார்கள், மெழுகுவர்த்தியில் தவறாகச் சொல்லிக் கொடுத்ததற்கு இதுவரை என்னை யாரும் கூப்பிட்டதில்லை. இந்த நெருக்கடிக்குள் இருக்கும் ஆசிரியரிடம் போய் மனப்பான்மையை மாற்றிக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் இடம் இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்பேன்.

சரி, பவர்பாயிண்ட்டை விட்டுவிட்டேன். முதல் நாள் காலையில் ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், நான்கு மெழுகுவர்த்தி. விளக்கம் எதுவும் சொல்லப்போவதில்லை, "ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொல்வேன். குழப்பம் வரட்டும், சண்டை வரட்டும், மதியம் வரை நான் விடை சொல்வதாக இல்லை. அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கை எப்படித்தான் காட்டுவது என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். அதற்குச் சோதனைக்குழாயை உள்ளே ஈரப்படுத்தி, இரும்புத் தூளைத் தூவி ஒட்டவைத்துத் தண்ணீரில் கவிழ்த்து வைக்கலாம். துருப்பிடிக்கும்போது ஆக்சிஜன் மட்டும் போகும், பதிலுக்கு வேறு வாயு வராது. முன்பு ஒருமுறை பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை வைத்து முயன்று ஒரு வாரம் காத்திருந்தேன், அது துருப்பிடிக்காத எஃகு என்பது அப்புறம்தான் உறைத்தது. இந்தத் தடவை லேத் பட்டறையில் இரும்புத் தூளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உப்புத் தண்ணீரில் நனைத்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆனாலும் இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடுமா என்று தெரியவில்லை. இன்று ராத்திரி சமையலறையில் ஒன்றைக் கவிழ்த்து வைத்துப் பார்க்கப் போகிறேன்.